சுவருக்கு அந்தப் பக்கம் மதுக்கடை

பொயிண்ட் குக்கில் வீடு வாங்க வசதி போதாமல் அதையும் தாண்டி மேற்கே போனவர்கள் நாங்கள். எங்கள் தெரு ஒரு கம்பிவேலியில் போய் முடியும். வேலிக்கு அப்பால் முள்செடி மண்டிய வெற்று நிலம், பொழுது சாய்கிற நேரத்தில் நாலைந்து கங்காரு, அதற்கப்புறம் வானம். மெல்பனின் கடைசி வீடுகள் எங்களுடையவைதான் என்று அந்த நாட்களில் பெருமையாகவும் சொல்லிக்கொள்ளலாம், அழுதுகொண்டும் சொல்லலாம். டாக்டர் கிடையாது, நூலகம் கிடையாது, ரயில் கிடையாது. பேருந்து ஒன்று உண்டு, அது தனக்குத் தோன்றியபோது வரும். தெருவோர மரங்கள் எல்லாமே குச்சியில் கட்டி நிறுத்திய கன்றுகள்.

இருந்ததெல்லாம் ஒரு சின்ன வரிசைக் கடைகள். ஒரு முடிதிருத்தும் கடை, கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்த ஒரு பெரிய கடை, அதை ஒட்டினாற்போல் அக்காவின் கொத்துரொட்டிக் கடை. அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. அவர் யாழ்ப்பாணம், நான் தர்மபுரி. எங்கள் புது வீட்டுக்கு எரிவாயு இணைப்பு வராமல் இழுத்தடித்த வாரங்களில் எங்களுக்குச் சோறு போட்டவர் என்பதால் அக்கா ஆனார். முன்னே கல்லாவில் அவர் நிற்பார். குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. உள்ளே சமையலறையில், அக்கா வார்த்தையில் குசினியில், அவருடைய கணவர். அண்ணா வெளியே வருவதே அபூர்வம். இறைச்சித் தொழிற்சாலையில் காலம் கழித்தவருக்கு இங்கிலீஷில் யெஸ், நோ, தேங்க்யூவுக்கு மேல் தேவைப்பட்டதில்லை. இரண்டு பேரும் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் அந்தக் கடையில்தான் போட்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனபோது, பூட்டிக் கிடந்த கடையின் கண்ணாடி முன்னால் அக்கா அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் நகரசபையின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, இதை ஒருக்கா வாசியும். நான் சரியாத்தான் வாசிச்சனானோ எண்டு பாப்பம்."

சரியாகத்தான் வாசித்திருந்தார். அந்த இடத்தில் மதுக்கடை வைக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம், நகரசபைக் கூட்டத்தில் வந்து பேசலாம் என்று கீழே போட்டிருந்தது. முதலில் நகரசபையின் அனுமதி, அது கிடைத்தால் அப்புறம் மாநிலத்தின் மது உரிமம் என்பது இங்குள்ள நடைமுறை.

"வந்தா வரட்டும்க்கா, நமக்கென்ன" என்று நான் வாயை விட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அண்ணா சாமான் வாங்கப் போயிருந்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அவர் குடிச்சவர், தங்கச்சி. சும்மா குடியில்லை. நாங்கள் சிட்னியிலை மெரிலேண்ட்ஸை விட்டு இஞ்சை வந்ததே அதாலைதான். இப்ப விட்டு நாலஞ்சு வருசம். ஆருக்கும் தெரியாது. கேட்டால் சுகமில்லை எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டன். இந்தச் சுவரைப் பாரும்." குசினிச் சுவரில் விரலால் தட்டினார். அட்டைப்பெட்டியைத் தட்டினதுபோல் சத்தம் வந்தது. "அங்காலை போத்தில் அடுக்கினால் இங்காலை நிக்கிறவருக்குக் கேக்கும். விடிஞ்சால் பொழுதுபட்டால் அந்தச் சத்தத்துக்குள்ளை அவர் எப்பிடி நிக்கிறது? அந்தக் கடை வந்தால் நாங்கள் இதை வித்துப்போட்டுப் போகவேணும். இல்லாட்டி நான் அவரை இழக்கவேணும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்கத் தெரியாது. எங்கள் ஊரில் மதுக்கடையை அரசாங்கமே நடத்தும். பெண்கள் கூடி அதன் முன்னால் சாலையில் உட்கார்ந்ததை நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் பார்த்திருக்கிறேன். போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், கலெக்டருக்கு மனு போனது. கடைசியில் கடையைத் தூக்கிப் பக்கத்துச் சந்துக்குள் வைத்தார்கள். குடிக்கிறவர்களுக்கு வெயில் படாமல் போனதுதான் அந்தப் போராட்டத்தில் கிடைத்த பலன். அந்த அனுபவத்தோடுதான் இங்கேயும் இறங்கினேன். இவர்களும் கண்துடைப்புக்குத்தான் கேட்கிறார்கள் என்று முடிவே கட்டியிருந்தேன்.

முதல் ஆச்சரியம் எங்கள் வட்டாரக் கவுன்சிலர். நான் மின்னஞ்சல் எழுதிய மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் சிவந்த முகம், காலில் மண் ஒட்டிய ஷூ. கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டார், காசு கொடுத்தார், கடைவாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை நடந்து பார்த்தார், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அங்கேயே நின்று பார்த்தார். "நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பேசுகிறேன்" என்றார். கூட ஒரு ஆள் இல்லை, குடை பிடிக்கக்கூட ஒருவர் இல்லை.

எங்கள் தமிழ்ச் சங்கமும் இறங்கியது. பண்பாடு, பிள்ளைகளின் எதிர்காலம் என்று எல்லோரும் எழுதினார்கள். அக்காவும் பஸ் நிறுத்தத்துப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதினார். கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். உண்மையான காரணம் அரிசி மூட்டைகளுக்கு நடுவிலேயே இருந்தது.

கூட்டம் கோடைக்கால மாலை ஒன்றில். நகரசபைக் கட்டடத்தின் முகப்பிலேயே நாங்கள் காரியத்தைக் கெடுத்துக்கொண்டோம். கவுன்சிலர் உள்ளே நுழைந்ததும் சங்கத் தலைவர் பாய்ந்து போய், பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து உதறி, அவர் தோளில் போர்த்திவிட்டார். மதுரையில் கட்சிக் கூட்டங்களில் வளர்ந்த மனிதர், ஒரு அரசியல்வாதியை வெறுங்கையோடு பார்ப்பதே அவருக்கு மரியாதைக் குறைவு. பத்துக் கைபேசிகள் படம் எடுத்தன. கவுன்சிலருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தோம். என் கணவரும் வந்திருந்தார். அக்காவும் அண்ணாவும் எங்களுக்கு முன் வரிசையில். கவுன்சிலர்கள் வளைந்த மேசையில் வரிசையாக இருக்க, நடுவில் மேயர், நரைத்த தலை, கனிந்த குரல். இந்த நிலத்தின் ஆதிக்குடிகளை நினைவுகூர்ந்துதான் அவர் கூட்டத்தை ஆரம்பித்தார். ஊரின் கடைசி எல்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த இடம் அவர்களுக்கு எந்தக் காலத்திலும் எல்லையாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் விஷயம் வந்ததும் வட்டாரக் கவுன்சிலர் எழுந்தார். பொன்னாடை அவர் முன்னால் மேசையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "சற்று முன் இந்த விண்ணப்பத்தை எதிர்ப்பவர்கள் எனக்கு ஒரு சால்வை அணிவித்தார்கள். அன்போடு செய்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் இந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாது. ஆகவே இந்த விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் நான் கலந்துகொள்ள மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

சங்கத் தலைவர் என் பக்கம் சாய்ந்தார். "என்னம்மா இது? சால்வைதானேம்மா போட்டேன், தங்கச் சங்கிலியா போட்டேன்?"

எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம்போல் இருந்தது. அதே நேரத்தில் அந்த மூடிய கதவை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. ஒரு சால்வைக்கு எழுந்து போகத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. பைக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் கேட்டிருக்கப்போகிறார்கள்? எங்களுக்காக மாதக்கணக்கில் அலைந்த ஒரே ஆள் நடைக்கூடத்தில் நிற்க, எங்கள் விஷயம் உள்ளே ஆரம்பித்தது. எங்களுக்கு இருந்த உறுதியான ஒரு ஓட்டும் போய்விட்டது.

முதலில் விண்ணப்பித்த நிறுவனத்தின் சார்பில் ஒருவர் பேசினார். பண்பாகப் பேசினார், அதுதான் எரிச்சல். வேலைவாய்ப்பு, வெளிச்சமான வாசல், சீக்கிரமே மூடும் நேரம், சட்டம் கேட்கிற எல்லாவற்றையும் செய்கிறோம் என்றார். அடுத்து அக்கா ஒலிவாங்கியின் முன் போய் நின்று எழுதி வைத்ததை வாசித்தார். பிள்ளைகள், பஸ் நிறுத்தம். கவுன்சிலர்கள் தலையசைத்துக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்ததில் அவர்கள் ஏற்கெனவே படித்ததுதான். இது தோற்கிற கட்சி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து, யாரையும் கேட்காமல் நடந்துபோய் அக்காவின் பக்கத்தில் நின்றார். "மீ டோக். தமிழ்" என்றார் மேயரைப் பார்த்து.

பேசப் பெயர் கொடுத்தவர் மனைவிதான் என்றும், மிச்சமிருக்கும் நேரத்தை அவர் விட்டுக்கொடுத்தால் பேசலாம் என்றும் மேயர் பொறுமையாகச் சொன்னார். மொழிபெயர்க்க முடியுமா என்று அக்காவைக் கேட்டார். அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"நான்தான் பக்கத்துக் கடைக்காரன். குசினிக்குள்ளை நிக்கிறனான்" என்றார் அண்ணா.

அக்கா அதை இங்கிலீஷில் சொன்னார்.

"நான் ஒரு குடிகாரன்."

அக்கா கையிலிருந்த தாளை மடித்தார். பிறகு, "என் கணவருக்கு முன்பு கொஞ்சம் உடம்பு சுகமில்லாமல் இருந்தது" என்று இங்கிலீஷில் சொன்னார். இத்தனை வருடமும் எங்கள் எல்லோருக்கும் சொல்லி வந்த அதே வார்த்தை.

அண்ணாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரிந்தது. மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். கோபமில்லை, கெஞ்சுகிற குரல். "அப்பிடியில்லையப்பா. நான் சொன்னதை அப்பிடியே வடிவாச் சொல்லும்."

அக்கா ஒலிவாங்கியின் தண்டைப் பிடித்துக்கொண்டார். அந்த அறையில் இருந்த தமிழர்கள் எல்லோரும் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர்கள் யாருக்கும் தெரியக் கூடாது என்று எத்தனை விசேஷங்களில் எத்தனை விதமாகச் சமாளித்திருப்பார். அவர் நிமிர்ந்து மேயரைப் பார்த்து, கணவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னார். குரல் உடையவில்லை. அதற்குமேல் தைரியமான ஒரு வாக்கியத்தை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

"இப்ப குடிக்கிறேல்லை. ஆனால் விட்டாச்சு எண்டு ஒரு நாளும் நினைக்கிறேல்லை. காலமை எழும்பினால் இண்டைக்குக் குடிக்கக் கூடாது எண்டுதான் வேலைக்குப் போறன். வெங்காயம் வெட்டேக்கை, ரொட்டி கொத்தேக்கை மறந்து நிப்பன். அந்தச் சுவர் மெல்லிசு. அங்காலை போத்தில் வைச்சால் எனக்குக் கேக்கும்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினார். ஒவ்வொன்றையும் அக்கா சொன்னார். நேரம் முடிந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. மேயர் அதைப் பார்த்துவிட்டு, "மொழிபெயர்க்கும் நேரம் உங்கள் கணக்கில் சேராது" என்று சொல்லித் தன் கையாலேயே அதை அணைத்தார்.

அண்ணா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "எங்கடை ஆக்கள் நல்லவை. பிறந்தநாளுக்குக் கூப்பிடுவினம். கராஜுக்குள்ளை கூட்டிக்கொண்டுபோய், ஒண்டு எடுங்கோ அண்ணை எண்டுவினம். நான் சுகர் இருக்கு எண்டுவன், மருந்துக் குளிசை போடுறன் எண்டுவன். எனக்குச் சுகருமில்லை, குளிசையுமில்லை."

பண்பாட்டைக் காக்க வந்திருந்த வரிசை முழுவதும் தரையைப் பார்த்தது. விசேஷ வீட்டில் பெண்கள் ஹாலில் கேக் வெட்டும்போது ஆண்கள் கராஜுக்குள் எதைத் திறக்கிறார்கள் என்பது எங்கள் பேட்டையில் யாருக்குத் தெரியாது? என் கணவரும் தரையைத்தான் பார்த்தார். எங்கள் வீட்டுக் கராஜிலும் ஒரு சின்ன பிரிட்ஜ் இருக்கிறது.

பிறகு விவாதம் தொடங்கியது. கவுன்சிலர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதில்லை, எல்லாமே மேயரைப் பார்த்துத்தான். அதனாலோ என்னவோ, யாரும் யாரையும் குத்தவில்லை. இளவயதுக் கவுன்சிலர் ஒருவர், அண்ணாவுக்குத் தலைவணங்கிவிட்டு, ஒரு மனிதரின் துயரத்தை வைத்து எல்லோருக்குமான சட்டத்தை வளைக்க முடியாது என்றார். மதுக்கடை சட்டபூர்வமான தொழில், இங்குள்ள மற்றவர்களுக்கும் அதை வாங்க உரிமை உண்டு என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. இன்னொருவர், யாரையும் மனதில் வைக்காமல் இயற்றுகிற சட்டம் யாருக்கு என்று கேட்டார். மூன்றாமவர் அந்தச் சுவரின் தடிமன் என்ன என்று அதிகாரியிடம் விசாரித்தார். அதிகாரி கோப்பைப் புரட்டி, விதிப்படி குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் என்றார். அக்காவின் குசினிச் சுவரைப் பற்றி ஒரு சபை உட்கார்ந்து விவாதிக்கிறது! எங்கள் ஊரில் ஒரு தெருவே ரோட்டில் உட்கார்ந்தும் கிடைக்காத செவி, இங்கே ரெண்டு பேருக்குக் கிடைத்திருந்தது. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஒரு கிழவர் எழுந்தார். எங்கள் பேட்டை முழுவதும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் கோதுமை வயல். எது கட்டக் கேட்டாலும் கையைத் தூக்குகிறவர் என்று பெயர் எடுத்தவர், இதற்கும் தூக்குவார் என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். மேயர் மூலமாக அண்ணாவிடம் ஒரு கேள்வி கேட்டார்: கடை வந்தால் என்ன செய்வீர்கள்?

"வித்துப்போட்டுப் போவம். எங்கை எண்டு தெரியாது" என்றார் அண்ணா. அக்கா சொன்னார்.

கிழவர் தன் முன்னால் இருந்த தாள்களை ஒதுக்கி வைத்தார். "நான் இங்கே வரும்போது வேறு முடிவோடு வந்தேன்" என்றார். "ஒருவருக்காகச் சட்டம் செய்யக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் அந்த மக்களை அங்கே குடியேற விட்டோம். டாக்டரைக் கொடுக்கவில்லை, நூலகத்தைக் கொடுக்கவில்லை, மாலையில் போய் உட்கார ஒரு இடம் கொடுக்கவில்லை. ஒரு ஊருக்குச் சபையாக நாம் முதலில் கொடுப்பது இதுவாக இருக்கக் கூடாது. மற்றவை வரட்டும். அதன் பிறகு இவர்கள் திரும்ப வந்து கேட்கட்டும்."

கட்சி மாறாமல் மனம் மட்டும் மாறிய ஒரு அரசியல்வாதியை நான் என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அதுவும் சபை நடுவில், தன் வாயால், வெட்கப்படாமல்.

கைகள் உயர்ந்தன. அனுமதி மறுக்கப்பட்டது, ஒரே ஒரு கை வித்தியாசத்தில். யாரும் கைதட்டவில்லை, தட்டலாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நடைக்கூடத்தில் நின்றிருந்த வட்டாரக் கவுன்சிலரை உள்ளே அழைத்து முடிவைச் சொன்னார்கள். அவர் சிரிக்கக்கூட இல்லை, தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அடுத்த விஷயம், நாய்களைச் சங்கிலி இல்லாமல் ஓடவிடும் பூங்கா. அதே முகம், அதே கவனம். எங்களுக்கு வாழ்வா சாவா என்றிருந்ததும் நாய்க்குட்டிகளின் ஓட்டமும் அந்த மேசையில் அடுத்தடுத்து இருந்தன.

வெளியே கார் நிறுத்தத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வழக்கமாகச் சூழ்ந்துகொள்கிற எங்கள் ஆட்கள் தூரத்தில் நின்றார்கள். என்ன சொல்வது என்று தெரியாத தயக்கம். அண்ணா தங்கள் பழைய வேனின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நானும் என் கணவரும் போனபோது அக்கா அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில் அல்ல.

"ஏன் சொன்னீங்கள்?" என்றார் கணவரிடம். "இவ்வளவு சனத்துக்கு முன்னாலை ஏன் சொன்னீங்கள்? நான் எவ்வளவு காலம் மூடி மூடி வைச்சிருந்தனான். இந்தக் கடை வராட்டி என்ன, காரை எடுத்தால் பத்து நிமிசத்திலை வேறை ஒண்டு இருக்குத்தானே. இதாலை என்ன கண்டனீங்கள்?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. அவ்வளவு பெரிய விலைக்கு ஒரே ஒரு கடைதானே நின்றது.

அண்ணா வேனில் சாய்ந்துகொண்டார். "கடைக்காரனிட்டை நானாப் போய்க் கேக்கவேணும். போற வழியிலை திரும்பி வரலாம், எத்தினையோ தரம் வந்திருக்கிறன். அன்பாக் கையிலை குடுக்கிறவனிட்டை இருந்துதான் என்னாலை திரும்ப ஏலாமல் இருந்தது. இண்டைக்கு எல்லாரும் கேட்டிட்டினம். இனி இந்த ஊரிலை எனக்கு ஒருத்தரும் ஊத்தித் தரமாட்டினம்."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். என் கணவர் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லத்தான் வந்திருந்தார். அதைச் சொல்லவில்லை. வேனின் கதவைத் திறந்து, அண்ணா ஏறி உட்காரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.